வயிறும் கல்லீரலும்: மலைவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையிலுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களைத்தான் பல வருடமாகப் பார்த்துவருகிறேன். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களில் வயிற்றுக்காக வந்தவர்கள் எப்போதும் நாலைந்து பேர் இருப்பார்கள். கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய அதேதான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்தேன். இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். எதற்குக் காலைவரை பொறுக்கலாம், எதற்கு நடுராத்திரியானாலும் வண்டி பிடிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

டாக்டரம்மா, ராத்திரி ரத்த வாந்தி எடுத்தார். இப்போது நின்றுவிட்டது. விடிந்ததும் கூட்டிவரலாமா?

வேண்டாம். அப்போதே 108-ஐ அழையுங்கள். ரத்தம் நின்றுவிட்டது என்பது கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான். உள்ளே கசிந்துகொண்டே இருக்கலாம். பெரும்பாலும் இரண்டு இடங்களில் ஒன்றிலிருந்து வரும். இரைப்பையிலோ சிறுகுடல் தொடக்கத்திலோ உள்ள புண் ஒன்று. கல்லீரல் சுருங்கியதால் உணவுக்குழாயில் புடைத்துக்கொண்ட ரத்தக்குழாய் வெடிப்பது இன்னொன்று. இரண்டாவது வகையில் ஒரே மணி நேரத்தில் ஆள் கைநழுவிப் போகலாம்.

மேல்வயிற்று ரத்தக்கசிவுக்கு 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி, அதாவது வாய்வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது, செய்ய வேண்டும். புடைத்த ரத்தக்குழாய் என்று சந்தேகம் இருந்தால் 12 மணி நேரத்துக்குள். குழாய் வழியாகவே ரப்பர் வளையம் மாட்டி ரத்தத்தை நிறுத்திவிடலாம். அதற்கு முன்பே ஊசி மருந்தும் ஆன்டிபயாடிக்கும் தொடங்கிவிட வேண்டும். கல்லீரல் நோயாளியின் ரத்தக்கசிவில் ஆன்டிபயாடிக் உயிரைக் காக்கும் மருந்து, சம்பிரதாயம் இல்லை. கல்லீரல் கோளாறு ஏற்கெனவே இருப்பதை முதலில் பார்க்கும் டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

இந்த 12 மணி நேரக் கணக்கில் மலைப்பாதையும் சேர்த்தி. ஐப்பசி மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்றித்தான் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். அதனால்தான் “விடியட்டும்” என்ற வார்த்தை எனக்குப் பிடிக்காது. வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சோடா, மோர், எலுமிச்சைச் சாறு என்று எதையும் வாயில் ஊற்ற வேண்டாம்.

மலம் கறுப்பாகப் போனால்?

தார் மாதிரி கறுத்து, ஒட்டிக்கொண்டு, தாங்க முடியாத நாற்றமும் இருந்தால் அது செரித்த ரத்தம். மேலே சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கறுப்பாகப் போகும், ஆனால் தார்போல ஒட்டாது, அந்த நாற்றமும் இருக்காது. கேத்தி பீட்ரூட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு மறுநாள் “ரத்தம் ரத்தமாகப் போகுது” என்று ஓடிவந்தவர்களும் உண்டு. நான் சிரித்ததில்லை. ஓடிவந்தது சரிதான்.

“கேஸ் மாத்திரை” நாலு வருஷமாகச் சாப்பிடுகிறேன். தொடரலாமா?

எதற்காகத் தொடங்கினீர்கள் என்று முதலில் யோசியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு நினைவிருப்பதில்லை. காய்ச்சலுக்குக் கொடுத்த சீட்டில் கூடவே எழுதப்பட்ட பான்டோபிரசோல், காய்ச்சல் போன பிறகும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

இந்த மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், வாயுவைக் குறைக்காது. ஏப்பமும் வயிற்று உப்புசமும்தான் தொல்லை என்றால் இதனால் பெரிய பயன் இல்லை. நெஞ்செரிச்சல், புண், உணவுக்குழாய் அழற்சி ஆகியவற்றுக்கு அருமையான மருந்து. அதையும் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகு போட்டால் பாதிப் பலன் வீண். பலர் “மாத்திரை கேட்கவில்லை” என்கிறார்கள்; நேரத்தை மாற்றினாலே கேட்டுவிடுகிறது.

பல வருடம் தொடர்ந்தால் சிலருக்கு பி12, மக்னீசியம் குறையலாம். நிறுத்த நினைத்தால் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். அடக்கிவைத்த அமிலம் சில வாரம் எகிறும். அதைப் பார்த்து “மாத்திரை இல்லாமல் முடியாது” என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்கள். படிப்படியாகக் குறைக்கலாம். ஒரு எச்சரிக்கை: இதய நோய்க்கு ஆஸ்பிரினும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள், முன்பு அல்சரிலிருந்து ரத்தம் கசிந்தவர்கள், இதைத் தாங்களாக நிறுத்தக்கூடாது.

அல்சர் வருவது காரத்தாலும் பட்டினியாலும்தானே?

பல தலைமுறைகளாக அப்படித்தான் நம்பினோம், டாக்டர்கள் உட்பட. ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இரைப்பையில் வாழும் ஒரு கிருமிதான் பெரும்பாலான அல்சருக்குக் காரணம் என்றபோது யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி.

இதற்கு மருந்து 14 நாள். இரண்டு மூன்று ஆன்டிபயாடிக்கும் அமில மாத்திரையும் சேர்ந்தது. வாய் கசக்கும், வயிறு கலங்கும், ஐந்தாம் நாளே விட்டுவிடத் தோன்றும். விட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிக்கொண்டு இன்னும் முரடாகும். நம் ஊரில் பெரும்பாலும் விட்டுப்போகிற வேலை அடுத்தது: மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, கிருமி ஒழிந்ததா என்று மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்வது. சோதனைக்கு 2 வாரம் முன்பே அமில மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் இல்லாததுபோலப் பொய்யாகக் காட்டும்.

இரண்டாவது காரணம் வலி மாத்திரை. எங்கள் தோட்டப் பெண்களுக்கு இதுதான் முதல் காரணமோ என்று எனக்குத் தோன்றும். முதுகில் கூடையோடு சரிவில் நின்று கொழுந்து பறிக்கிறவர்களுக்கு முழங்காலும் இடுப்பும் வலிக்காமல் இருக்குமா? கடையில் “உடம்பு வலிக்கு” என்று கேட்டால் பேர் தெரியாத இரண்டு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துத் தருகிறார்கள். அதில் டைக்ளோஃபினாக் இருக்கும், சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். காலையில் வெறும் சாயாவோடு அதைப் போட்டுக்கொண்டு மலையேறினால் இரைப்பை என்ன செய்யும்? காரம் எரிச்சலைக் கூட்டும், உண்மைதான். ஆனால் மிளகாயைத் திட்டிவிட்டு அந்தக் காகிதப் பொட்டலத்தை விட்டுவிடுகிறோம்.

நெஞ்செரிச்சல் வந்தால் எல்லோரும் எண்டோஸ்கோபி செய்துகொள்ள வேண்டுமா?

இல்லை. இளவயதுக்காரருக்கு வேறு அறிகுறி இல்லையென்றால் மருந்தே போதும். விழுங்கும்போது அடைத்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், ரத்தம் குறைந்தால், வாந்தி தொடர்ந்தால், நாற்பத்தைந்து ஐம்பது தாண்டிப் புதிதாகத் தொல்லை தொடங்கினால் தள்ளிப்போடாதீர்கள். முதலில் சோறு அடைத்து, பிறகு கஞ்சிகூட இறங்காமல் போகும்வரை “தொண்டைப் புண்” என்று இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உணவுக்குழாய் புற்றுநோய் அப்படித்தான் வரும்.

கொதிக்கக் கொதிக்க டீ குடித்தால் புற்றுநோய் வருமாமே?

தேயிலையால் வராது, சூட்டால் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிக்கும் எந்தப் பானத்தையும் “புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது” என்ற பட்டியலில் சேர்த்தது. குளிருக்கு டம்ளரைக் கையில் பொத்திக்கொண்டு இரண்டு நிமிடம் கதை பேசிவிட்டுக் குடியுங்கள், அது போதும். டீயைவிட எனக்குக் கவலை தருவது வெற்றிலை பாக்கோடு அடக்கும் புகையிலை. அதில் “வாய்ப்பு” என்ற பேச்சே இல்லை, நிச்சயம்.

ஊட்டியில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறதே, கிருமி சாகுமா?

இந்தக் கேள்வியை ஒரு பள்ளிக்கூடப் பையன் கேட்டான். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாவதும் அதனால்தான். மஞ்சள் காமாலை வைரஸும் பேதிக் கிருமிகளும் அந்தச் சூட்டிலும் சாகும். ஆனால் கொப்புளம் வந்ததும் இறக்கிவிடாதீர்கள். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. பக்கெட்டில் கைவிட்டு மொண்டால் கொதிக்கவைத்ததெல்லாம் வீண். குழாய் வைத்த பாத்திரம் நல்லது. ஊற்றுத் தண்ணீர் பளிங்குபோல இருக்கிறது என்று நம்பிக் குடிப்பவர்களுக்கு: மேலே லைன் வீடுகளின், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின், கழிவுக்குழி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை நடந்துபோய்ப் பாருங்கள்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லிதானே மருந்து? இங்கிலீஷ் வைத்தியத்தில் மருந்தே இல்லை என்கிறார்களே?

காமாலை என்பது நோயின் பெயர் இல்லை, அடையாளம். வீட்டுக் கூரையில் புகை தெரிகிறது என்பது மாதிரி. அடுப்பா, தீ விபத்தா என்று உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். ரத்த அணுக்கள் அதிகமாக உடைந்தாலும் கண் மஞ்சளாகும், கல்லீரல் வீங்கினாலும் ஆகும், பித்தக்குழாயில் கல்லோ கட்டியோ அடைத்தாலும் ஆகும். மூன்றுக்கும் வழி வேறு. அடைப்பில் மலம் வெளிறி, உடம்பு அரித்து, சிறுநீர் அடர்ந்து போகும். குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் அடைப்பில் சீழ் பிடிக்கிறது என்று அர்த்தம். அங்கே மூலிகைக்கு வேலையே இல்லை. எண்டோஸ்கோபி வழியாக அடைப்பை எடுத்தாக வேண்டும்.

தண்ணீரால் பரவும் கல்லீரல் அழற்சி வைரஸ்களான ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே போய்விடும். அந்தச் சில வாரத்தில் எது சாப்பிட்டாலும் அதற்குத்தான் பேர் கிடைக்கும். கீழாநெல்லியின் கதை சுவையானது. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கீழாநெல்லியால் வைரஸின் அடையாளம் மறைந்தது என்று லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் மூலிகைமேல் எனக்கு வெறுப்பில்லை, அது பலித்திருந்தால் முதலில் மகிழ்ந்திருப்பேன். ஆனால் அதை நம்பிச் சோதனையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. என்ன கலந்தது என்று தெரியாத பொடி, கஷாயம், கண்ணில் விடும் சாறு, கையில் வைக்கும் சூடு எல்லாம் வேண்டவே வேண்டாம். வீங்கிய கல்லீரலை இன்னும் கெடுக்கும் மூலிகைகளும் உண்டு.

பத்தியமும் அப்படித்தான். உப்பில்லாத மோர்சாதமே இருபது நாள் என்றால் மனிதர் எலும்பாகிவிடுவார். பசித்ததைச் சாப்பிடலாம், எண்ணெய்கூட முழுக்க ஒதுக்க வேண்டாம். குமட்டினால் குறைத்தால் போதும். குடி மட்டும் முழுக்க நிறுத்த வேண்டும். வாய்வழி சாப்பிட முடிகிறவருக்கு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதால் காமாலை ஒருநாள்கூட முன்னதாக இறங்காது. “ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க டாக்டரம்மா” என்று கெஞ்சுகிறவர்களுக்கு நான் கல்நெஞ்சக்காரிதான்.

தூக்கம் தலைகீழாவது, பேச்சு குழறுவது, காரணமில்லாமல் எரிந்துவிழுவது, ஈறிலிருந்து ரத்தம் கசிவது இவற்றில் ஒன்று வந்தாலும் கல்லீரல் செயலிழக்கிறது என்று அர்த்தம். அன்றே கல்லீரல் மாற்று அறுவை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் முதல் நாளே. ஹெபடைடிஸ் ஈ கடைசி மூன்று மாதத்தில் தாயின் உயிரையே எடுத்துவிடக்கூடியது.

கூடலூர்ப் பக்கத்துப் பையன். அடிக்கடி கண் மஞ்சளாகிறது, கல்லீரல் சோதனையில் ஒன்றுமில்லை என்கிறார்கள்.

அரிவாள் செல் சோகை இருக்கிறதா என்று பார்த்தார்களா? இந்தியாவில் இந்த ரத்தக்கோளாறை முதலில் எழுதிவைத்ததே நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 1952-ல் எழுதினார்கள். பணியர், குறும்பர், இருளர் குடும்பங்களில் இன்றும் காண்கிறோம். சிவப்பணு அரிவாள்போல வளைந்து சீக்கிரம் உடைகிறது, அதனால் கண் மஞ்சள். உடைந்த நிறமி பித்தப்பையில் கல்லாகப் படிவதால் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் பித்தக்கல் வரும். கீழாநெல்லியும் பத்தியமும் இங்கே எதைத் தொடும்? ஃபோலிக் அமிலம், ஹைட்ராக்சியூரியா, தடுப்பூசி, தண்ணீர் நிறையக் குடிப்பது, குளிரில் நனையாமல் இருப்பது என்று இதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை இதில் நெடுங்காலமாக வேலை செய்கிறது. பித்தக்கல் ஸ்கேனில் இருந்தும் வலி ஒருமுறைகூட வரவில்லையென்றால் பொதுவாகக் கல்லை விட்டுவைக்கலாம். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த முடிவை ரத்த நோய் தெரிந்த டாக்டரோடு சேர்ந்து எடுக்க வேண்டும்.

ரத்ததான முகாமில் ஹெபடைடிஸ் பி இருக்கிறது என்றார்கள். தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டார்கள்.

தட்டையும் டம்ளரையும் திரும்பச் சேருங்கள். சேர்ந்து சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ இது வராது. ரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு, பகிர்ந்த ஊசி, ஷேவிங் பிளேடு, இவைதான் வழி. வீட்டில் எல்லோரும் சோதித்துக்கொள்ளட்டும். இல்லாதவர்களுக்கு மூன்று தவணைத் தடுப்பூசி.

உடனே மாத்திரை தேவையா என்பது வைரஸின் அளவு, கல்லீரல் நொதி, தழும்பு மூன்றையும் பார்த்துத்தான் தெரியும். தேவைப்பட்டால் தினம் ஒரு டெனோஃபோவிர், பல வருடம். நடுவில் தானாக நிறுத்தினால் நோய் சீறிக் கிளம்பும். தேவைப்படாதவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். “மாத்திரை வேண்டாம் என்றார்கள்” என்பதை “நோய் இல்லை” என்று எடுத்துக்கொண்டு பத்து வருடம் கழித்து வயிற்றில் நீரோடு வந்து நிற்கிறார்கள்.

தாய்க்கு இருந்தால் பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி. கூடவே இம்யூனோகுளோபுலின், அதாவது தயார்நிலை எதிர்ப்புப் புரத ஊசியும். பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு அது ஆயுளுக்கும் தங்கிவிடும். வளர்ந்தவருக்குத் தொற்றினால் பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடும். ஹெபடைடிஸ் சி வேறு கதை. 12 வார மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முழுசாகக் குணமாகிறார்கள். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இரண்டுக்கும் சோதனையும் மருந்தும் இலவசம்.

ஸ்கேனில் “ஃபேட்டி லிவர் கிரேடு 1” என்று வந்திருக்கிறது. நான் குடிப்பதே இல்லையே?

சர்க்கரை, தொப்பை, கொழுப்பு இவற்றோடு சேர்ந்து வருவது இது. பார்க்க ஒல்லியாக இருப்பவருக்கும் வரும். நம் உடம்பு வயிற்றில்தான் கொழுப்பைச் சேர்த்துவைக்கும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனியுங்கள்.

கிரேடு 1, 2, 3 என்பதைப் பிடித்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அது கொழுப்பின் அளவுதான், தழும்பைச் சொல்லாது. பிற்காலத்தைத் தீர்மானிப்பது தழும்பு. வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு கல்லீரல் நொதிகள், பிளேட்லெட் என்ற ரத்தத் தட்டணு நான்கையும் வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்குப் போடலாம், காசு செலவில்லை. 1.3-க்குக் கீழே வந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. மேலே போனால் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் பார்க்கலாம். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு இந்த எல்லை கொஞ்சம் மாறும்.

மருந்துக் கடையில் விற்கும் “லிவர் டானிக்” எதற்கும் இங்கே வேலையில்லை. உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறையும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தழும்பும்கூடப் பின்வாங்கும். 70 கிலோ ஆள் 5 முதல் 7 கிலோ. தோட்டத்தில் நாலு மணி நேரம் மேடேறுகிறவருக்கு நடைப்பயிற்சி பற்றி நான் பாடம் எடுக்க முடியாது. ஆனால் அவர் பேக்கரி வர்க்கியும் பன்னும், டீக்கு மூன்று கரண்டி சர்க்கரையுமாக ஒருநாளில் ஏழு டம்ளர் குடிப்பதை விடச் சொல்ல முடியும். நம் மலைக்காரர்களின் ராகிக்களியும் அவரையும் எங்கே போயின என்று சில சமயம் தோன்றும்.

அப்போ காப்பி?

குடிக்கலாம். தினம் இரண்டு மூன்று கப் காப்பி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. தேயிலைக்கு அவ்வளவு உறுதியான சான்று இல்லை. தேயிலை மண்ணில் உட்கார்ந்து இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தீர்கள், ஏறவில்லை. வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமா?

உண்டு. முதலில் மாத்திரையை எதோடு சாப்பிடுகிறீர்கள்? டீயோடு என்றால் அதில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலுக்குள் விடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அடுத்தது கொக்கிப்புழு. செருப்பில்லாமல் ஈரமண்ணில் நடக்கிறவர் காலைத் துளைத்து ஏறி, குடலில் தொங்கி ரத்தம் உறிஞ்சும். அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரு மாத்திரை. ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்து குறைந்தால் கதை வேறு. வயிற்றிலோ பெருங்குடலிலோ எங்கோ கசிகிறது என்று நினைத்து இரு பக்கமும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். மாத்திரை மட்டும் எழுதி அனுப்புவது சரியான வைத்தியம் இல்லை.

மூலத்துக்குத்தான் ரத்தம் போகிறது. அதற்கும் சோதனையா?

மூலமாகத்தான் இருக்கும், பெரும்பாலும். ஆனால் யாரும் பார்க்காமலே “மூலம்” என்று பெயர் வைத்துவிட்டால் எப்படி? விரல் விட்டு ஒரு நிமிடச் சோதனை. 45 வயதைத் தாண்டியவருக்கும், மலம் போகும் பழக்கம் மாறியவருக்கும் கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது. இருக்கும் மூலத்துக்கு இசப்கோல், தண்ணீர், கழிப்பறையில் போனோடு உட்காராமல் இருப்பது.

இரண்டு மாதமாகப் பேதி, எடை பத்துக் கிலோ குறைந்துவிட்டது. குடலில் டி.பி. என்று மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள்.

குடல் காசநோயும், க்ரோன் நோய் என்ற நாள்பட்ட குடல் அழற்சியும் கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் கொலோனோஸ்கோபியில் தசை எடுத்து நுண்ணோக்கியிலும் கிருமிச் சோதனையிலும் பார்த்த பிறகு தொடங்குவதுதான் நல்லது. தொடங்கிவிட்டால் 6 மாதம், ஒரு நாளும் விடாமல். இரண்டு மூன்று மாதத்தில் மீண்டும் குழாய் விட்டு, புண் ஆறுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆறவில்லையென்றால் மருந்தைக் கூட்டுவதற்கு முன் நோய் அதுதானா என்று திரும்ப யோசிக்க வேண்டும். மருந்தால் கல்லீரலும் வீங்கலாம். குமட்டலோ கண் மஞ்சளோ வந்தால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் வாருங்கள்.

குழந்தைக்குப் பேதி. ஓ.ஆர்.எஸ். கொடுத்தும் நிற்கவில்லை.

ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தாது. உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளும். பேதி நாலைந்து நாளில் தானாக நிற்கும். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் ஊசிப் பாட்டில்கள் தீர்ந்துபோனபோது டாக்டர் திலீப் மகாலனபிஸ் டிரம்மில் கரைத்துக் கொடுத்த அதே உப்பும் சர்க்கரையும்தான், ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது.

பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தம்ளரில் போட்டுக் கொடுத்தால் உப்பு ஏறிவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுக் கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள். துத்தநாகம், அதாவது ஜிங்க், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 20 மி.கி., 14 நாள். கடையில் வண்ண டப்பாவில் விற்கும் இனிப்புப் பானம் ஓ.ஆர்.எஸ். இல்லை, சர்க்கரை அதிகம், பேதி கூடும். கண் குழிவிழுந்து, அழுதும் கண்ணீர் வராமல், சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால் ஆஸ்பத்திரி.

குளிருக்காகத்தான் கொஞ்சம் போடுவேன். அதுவுமா கல்லீரலைக் கெடுக்கும்?

குளிருக்குச் சாராயம் உதவாது. தோலின் ரத்தக்குழாய்களை விரித்துவிடுவதால் சூடாக இருப்பதுபோலத் தெரியும், உள்சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். கம்பளி வாங்குங்கள். கல்லீரலுக்கு எவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை என்று நான் அளவு சொல்லமாட்டேன்; தழும்பு இருப்பவருக்கு அளவே கிடையாது.

தினமும் நிறையக் குடிப்பவர் ஒரு நாள் சபதம் போட்டு நிறுத்திவிட்டால், இரண்டாம் மூன்றாம் நாளில் நடுக்கம், வலிப்பு, இல்லாததைப் பார்ப்பது என்று உயிருக்கே ஆபத்தாகும். மாலை போட்டவர்களிடம் கார்த்திகையில் இதைப் பார்ப்போம். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வாருங்கள். மருந்து கொடுத்து நிறுத்தவைக்கலாம், தயமின் என்ற பி1 ஊசியும் போட வேண்டும். குடியால் சுருங்கத் தொடங்கிய கல்லீரலுக்கும் குடியை விடுவதற்கு நிகரான மருந்து இல்லை.

கல்லீரல் சுருங்கிவிட்டது. முட்டை, பருப்பு எதுவும் கொடுக்கக்கூடாது என்றார்கள்.

பழைய பாடம். இன்று நேர்மாறு. கல்லீரல் சுருங்கியவரின் தசைதான் முதலில் கரைகிறது. தசை போனால் மயக்கமும் நோய்த்தொற்றும் சீக்கிரம் வரும். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தினமும் வேண்டும். முட்டை, பருப்பு, பயறு, பால், தயிர் எல்லாம் கொடுங்கள். ராத்திரி படுக்கும் முன் ஒரு டம்ளர் கஞ்சியோ பாலோடு ரொட்டியோ அவசியம். இரவு முழுக்கப் பட்டினி கிடந்தால் உடம்பு தசையை எரிக்கும்.

வயிற்றில் நீர் இருந்தால் குறைக்க வேண்டியது உப்பு. நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், அதில் கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் சேர்த்தி. மயக்கத்துக்குக் கொடுக்கும் லாக்டுலோஸ் சிரப்பை “பேதி ஆகிறது” என்று நிறுத்தாதீர்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகிப் போகத்தான் அது. வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் விஷம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடலாம், நாளில் 2 கிராமுக்குள். இதைக் கேட்டு டாக்டர்களே சிலர் முகம் சுளிப்பார்கள், ஆனால் மற்ற வலி மாத்திரைகளைவிட அதுதான் பத்திரம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். கல்லீரலில் புற்றுக்கட்டி வந்தால் சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

எலி மருந்து, காட்டுக் காளான். சாப்பிட்டவர் நன்றாகத்தானே இருக்கிறார்?

இரண்டிலும் ஏமாற்றுவது அந்த “நன்றாக” தான். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை முதல் நாள் ஒன்றும் காட்டாமல் இரண்டு மூன்று நாளில் கல்லீரலைச் சாய்க்கும். தமிழ்நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது, பழைய கையிருப்பு வீட்டில் கிடந்தால் அப்புறப்படுத்துங்கள். வாயில் பட்டது என்று தெரிந்த கணமே பெரிய ஆஸ்பத்திரி, அறிகுறிக்குக் காத்திருக்காமல். வேலூர் சி.எம்.சி.யில் பிளாஸ்மா மாற்றும் சிகிச்சையால் பலரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். மனம் உடைந்து உட்கொண்டவர் என்றால் வழியில் திட்டாதீர்கள், பக்கத்தில் இருங்கள். மனசு தாங்காத எந்த நேரத்திலும் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

காளானில் சில வகை சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்குப் பிறகே வாந்தி பேதியைத் தொடங்கும். ஒரு நாள் தெளிந்ததுபோலக் காட்டி மூன்றாம் நாள் கல்லீரலைக் கவிழ்க்கும். சீக்கிரம் வரும் வாந்தியைவிடத் தாமதமாக வரும் வாந்திதான் பயங்கரம். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மீதமிருந்தால் ஒரு காளானைக் காகிதப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

வரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும்?

சாப்பிடுகிற எல்லாவற்றையும் ஒரு பையில். சீட்டு இல்லாத மாத்திரை, லேகியம், கஷாயப் பொடி, ஜிம்மில் கொடுத்த டப்பா எல்லாம். திட்டமாட்டேன், சத்தியம். பழைய ஸ்கேன், எண்டோஸ்கோபி காகிதங்களைத் தேதி வரிசையில் வையுங்கள். ஸ்கேன் படச்சுருளை மட்டும் கொண்டுவந்து எழுதிய தாளை வீட்டில் விட்டுவிடுகிறவர்களே அதிகம், எனக்குத் தாள்தான் வேண்டும். மலத்தின் நிறத்தில் சந்தேகம் என்றால் போனில் ஒரு படம் எடுத்துவாருங்கள். மகனிடம் காட்டக் கூச்சப்பட்டு அவனை வெளியே அனுப்பிவிட்டு எனக்கு மட்டும் காட்டிய பாட்டிகள் உண்டு. அது சரிதான், அவன் வெளியே நிற்கட்டும்.